வெட்டப்பட்டதாகக் கருதவும்

“வெட்டுகிறேன்” என்றாள் கைராசி சிஸ்டர். கத்தி கழுத்துக்கு ஒரு விரல் உயரத்தில் நின்றது.

“வெட்டப்பட்டது” என்றார் ஸ்டோர்கீப்பர்.

சிஸ்டர் கத்தியை வைத்துவிட்டுக் குழாயை எடுத்தாள். அதன் நுனியால் ரப்பர் கழுத்தைப் பட்டும் படாமலும் தொட்டாள்.

“நுழைக்கிறேன்.”

“நுழைக்கப்பட்டது.”

“காற்று போகிறது.”

ஸ்டோர்கீப்பர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தார். பொம்மைக் கழுத்தைச் சுற்றியிருந்த கண்ணாடித்தாளில் கீறல் ஏதுமில்லை என்று உறுதி செய்துகொண்டு நிமிர்ந்தார். “நோயாளி பிழைத்தார். அடுத்த ஆள் வரலாம்.”

பயிற்சியை நடத்துபவள் என்று ஆணையில் குறிப்பிடப்பட்டிருந்த மயக்க மருந்து டாக்டர் ஜன்னலோரம் நின்று பஞ்சை மடித்துக்கொண்டிருந்தாள். முதலில் ஒருமுறை செய்து காட்டிய பிறகு அந்த அறையில் அவளுக்கு வேறு வேலை இருக்கவில்லை.

அவள் கற்றுத்தர விரும்பிய விஷயம் சிறியது. வீக்கத்தாலோ கட்டியாலோ தொண்டை அடைத்துக்கொண்டு, வாய்வழியே குழாய் இறங்க மறுத்தால், குரல்வளை மேட்டுக்குக் கீழே உள்ள சின்னப் பள்ளத்தைத் தடவிக் கண்டுபிடித்து, அங்கே வெட்டி, குழாயைச் செருக வேண்டும். நீலம் பாய்ந்துகொண்டிருந்த ஆள் பிழைத்துக்கொள்வார். கெட்டிக்காரத்தனம் எதுவும் தேவையில்லை. கை அதற்கு முன் ஒருமுறையாவது எதையாவது வெட்டியிருக்க வேண்டும், அவ்வளவுதான். வெட்டிப் பழகாத கை மனிதக் கழுத்தைக் கண்டதும் நின்றுவிடும். நல்ல கையாக இருந்தால் இன்னும் சீக்கிரம் நிற்கும்.

அந்த மருத்துவமனையில் வெட்டியிருந்த கை அவளுடையது மட்டுமே. அந்தக் கை மாலையானால் வீட்டுக்குப் போய்விடும். அதற்கு லீவு உண்டு, காய்ச்சல் உண்டு. அதனால்தான் அவள் எழுதிக் கேட்டு, நினைவூட்டி, கெஞ்சி அந்தப் பொம்மையை வரவழைத்தாள். மார்பு வரை மட்டுமே உள்ள ஒரு ஆண். வெட்டுவதற்கென்றே செய்த ரப்பர் தோல். வெட்டிக் கிழிந்தால் மாற்றிக்கொள்ள ஒரு பெட்டி நிறைய உபரித் தோல்கள்.

பொம்மை வந்த அன்றே ஊழியர்கள் அதற்கு ‘மாப்பிள்ளை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். எல்லாரும் மரியாதை செய்ய வேண்டும், யாரும் வேலை வாங்கக் கூடாது.

முதல் வகுப்பில் அவள் கத்தியை எடுத்தபோது ஸ்டோர்கீப்பர் இரண்டு கைகளையும் விரித்துக் குறுக்கே வந்து நின்றார்.

“டாக்டரம்மா, என்ன பண்றீங்க?”

“வெட்டப் போறேன்.”

“புதுப் பொருளையா?”

“வெட்டறதுக்குத்தானே வாங்கினது?”

“வாங்கினது பயிற்சிக்கு. பயிற்சி குடுங்க, நான் தடுக்கலையே. வெட்டினா அது சேதம். சேதமான பொருளை நான் இருப்புல காட்ட முடியாது.”

“அதுக்குத்தான் உபரித் தோல் ஒரு பெட்டி இருக்கே.”

“இருக்கு. பழைய தோல் சேதமாயிடுச்சுன்னு எழுதிக் குடுத்தா புதுத் தோல் தருவேன். எப்படி சேதமாச்சுன்னு காரணம் எழுதணும்.”

“வெட்டினதாலன்னு எழுதறேன்.”

ஸ்டோர்கீப்பர் அவளைப் பரிதாபத்தோடு பார்த்தார். “வேணும்னே சேதப்படுத்தினதா நீங்களே எழுதிக் குடுத்தா, உங்க மேல நடவடிக்கை எடுக்கச் சொல்லி நான் எழுத வேண்டி வரும். உங்க மேல எனக்கு ரொம்ப மரியாதைம்மா. அந்தப் பாவத்தை என்னைப் பண்ண வைக்காதீங்க.”

விஷயம் மருத்துவமனைக் கண்காணிப்பாளரிடம் போனது. அவர் நியாயஸ்தர். இரு தரப்பையும் கேட்டுவிட்டு இரண்டு தரப்பும் சரி என்றார். பயிற்சி அவசியம், பொருளும் பாதுகாக்கப்பட வேண்டியது. ஆகவே, பயிற்சி பெறுபவர் வெட்டும் எண்ணத்தைத் தெளிவான குரலில் தெரிவிக்க வேண்டும் என்றும், பொருளுக்குப் பொறுப்பானவர் அதை ஏற்றுக்கொண்டதும் கழுத்து வெட்டப்பட்டதாகக் கருதப்படும் என்றும் ஆணை பிறந்தது. இதனால் ஸ்டோர்கீப்பர் தேர்வாளர் ஆனார். மறுநாள் முதல் இஸ்திரி போட்ட சட்டையில் வரத் தொடங்கினார்.

டாக்டர் மறுபடி கண்காணிப்பாளர் அறைக்குப் போனாள்.

“சார், பொம்மை வேண்டாம். கசாப்புக் கடையில ஆட்டுத் தொண்டை சும்மாவே கிடைக்கும். அதை வாங்கித் தந்தாப் போதும். மனுஷத் தொண்டை மாதிரியேதான் இருக்கும்.”

“நல்ல யோசனை” என்றார் கண்காணிப்பாளர். “ஆனா பாருங்க டாக்டர், மருத்துவமனை இறைச்சி வாங்க முடியாது. சமையலறைதான் வாங்கலாம்.”

“சரி, சமையலறை மூலமா வாங்கலாமே.”

“தாராளமா.”

குறித்த நாளில் சமையலறையிலிருந்து மூடி போட்ட பாத்திரம் வந்தது. டாக்டர் மூடியைத் திறந்தாள். ஆட்டுத் தொண்டைகள் நன்றாக வெந்திருந்தன. மேலே மிளகு தூவியிருந்தது.

“இதை ஏன் வேக வெச்சீங்க?” என்று சமையல்காரரிடம் கேட்டாள்.

“சமைக்காத பொருளை வெளியே அனுப்ப எனக்கு அதிகாரம் இல்லைம்மா” என்றார் அவர். “உப்பு சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க.”

பயிற்சி மருத்துவர்கள் சாப்பிட்டுவிட்டு உப்பு சரியாக இருப்பதாகச் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு தலைமையகத்திலிருந்து மனப்பாங்குப் பயிற்சியாளர் வந்தார். அந்த ஆண்டு எல்லா அலுவலகங்களுக்கும் மனப்பாங்குப் பயிற்சியாளர்கள் வந்துகொண்டிருந்தார்கள். காலர் இல்லாத கறுப்புச் சட்டை, சாக்ஸ் இல்லாத ஷூ. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும் தூரத்தில்தான் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். ஆனாலும் அவர் கன்னத்தோடு ஒட்டிய மைக்கில் பேசினார்.

“வெட்டறது கைன்னு நினைச்சுட்டிருக்கோம். இல்லை நண்பர்களே. வெட்டறது மனசு. கண்ணை மூடுங்க. கத்தியோட பேசுங்க. கத்தி உங்ககிட்ட என்ன சொல்லுது?”

கைராசி சிஸ்டர் கண்ணை மூடியபடியே, “ரெண்டாவது வார்டுல ட்ரிப் தீர்ந்திருக்கும்னு சொல்லுது சார்” என்றாள்.

பயிற்சியாளர் அதைப் பாராட்டினார். கிளம்புவதற்கு முன் எல்லாருக்கும் ‘நான் மூச்சுத் தோழர்’ என்று எழுதிய பொத்தான் பேட்ஜைக் குத்திவிட்டார். நீல வட்டத்துக்குள் சிரிக்கும் நுரையீரல். சில நாட்களில் அந்தப் பொத்தான் இல்லாமல் யாரும் வளாகத்தில் நடமாடவில்லை. வாசல் காவலாளி குத்தியிருந்தார். லிஃப்ட்காரர் குத்தியிருந்தார். சவக்கிடங்கு உதவியாளரும் குத்தியிருந்தார். அங்கே யாரும் அதைக் குறை சொல்லவில்லை.

டாக்டரின் அப்பாவுக்கும் ஒன்று வேண்டியிருந்தது.

“ஊக்கா, காந்தமா?” என்று கேட்டார். குரல் காற்றாகத்தான் வந்தது. தணிக்கைத் துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு காலத்தில் அவர் இருமினால் பக்கத்து அறையில் கோப்புகள் அடுக்கப்படும் என்பார்கள். இப்போது குரல்வளைக்கு மேல் ஒரு கட்டி. மூச்சு இழுக்கும்போது கதவிடுக்கில் காற்று புகுவது போன்ற சத்தம் கேட்கும். மகள் வேலை பார்க்கும் அதே மருத்துவமனையில்தான் வைத்தியம். வெளியூரிலிருந்து எப்போதாவது வந்துபோகும் சர்ஜன் அறுவை சிகிச்சைக்குத் தேதி கொடுத்திருந்தார்.

“ஊக்குதான்ப்பா. நான் சொல்றதைக் கேளுங்க. தேதியை முன்னாடி தள்ளச் சொல்லி நானே சர்ஜன்கிட்ட பேசறேன்.”

“எனக்கு முன்னாடி இருக்கறவங்களைப் பின்னாடி தள்ளியா? அது முறைகேடு.”

“அதுக்குள்ள அடைச்சுக்கிட்டா?”

“தேதி குடுத்திருக்காங்கல்ல? அதுக்கு முன்னாடி எப்படி அடைக்கும்?”

அவள் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். “அடைக்கும்ப்பா. நான் டூட்டியில இல்லாத நேரமா பாத்துத்தான் அடைக்கும். அங்க ஒருத்தருக்கும் வெட்டத் தெரியாது. எல்லாரும் வாயால வெட்டறாங்க.”

“அந்த ஸ்டோர்கீப்பர் என்ன சொல்றான்?”

சொன்னாள். அப்பா முழுவதையும் கேட்டார். முகத்தில் வெகுநாளாக இல்லாத ஒரு தெளிவு வந்தது.

“அவன் சொல்றதுல தப்பே இல்லையேம்மா” என்றார். “நான் தணிக்கைக்குப் போயிருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன். புதுப் பொருள், முதல் நாளே கிழிச்சிருக்கீங்க. என்ன அக்கிரமம்!”

“உங்க கழுத்துக்காகத்தான்ப்பா கிழிக்கணும்னு சொல்றேன்.”

“சொந்தக்காரங்களுக்காக அரசாங்கப் பொருளையா? அது இன்னும் மோசம்” என்றார் அப்பா. கொஞ்ச நேரம் மூச்சிரைத்துவிட்டு, “ஆனா ஒண்ணு. வெட்டாததை வெட்டினதாச் சொல்றது தப்பு. அதை ஒத்துக்க முடியாது” என்றார்.

பயிற்சி முன்னேறியது. வெட்ட வேண்டிய அவசியம் இல்லாததால் வேகமாகவே முன்னேறியது. மருத்துவர்கள், செவிலியர்கள், ஆய்வகத்தார், பல் பிரிவு, கடைசியில் கணக்குப் பிரிவு வரை எல்லாரும் தேறினார்கள். ஒரு நோயாளிகூட இறக்கவில்லை. மாப்பிள்ளையின் கழுத்து கடையிலிருந்து வந்த அன்று இருந்தது போலவே பளபளத்தது. ஊழியர் அனைவரும் பயிற்சி பெற்ற, பயிற்சிப் பொருளுக்குச் சேதாரமே இல்லாத ஒரே மருத்துவமனை என்று தலைமையகம் அறிவித்தது. விழா ஏற்பாடாயிற்று. இயக்குநரே வருவதாகச் சொன்னார்.

டாக்டர் ஒரு தவறு செய்தாள் என்றால் அது அப்பாவை விழாவுக்கு அழைத்து வந்ததுதான். வீட்டில் தனியாக விட்டு வர மனமில்லை. அவரும் வெள்ளைச் சட்டையில் பொத்தானைக் குத்திக்கொண்டு ஷூவுக்குப் பாலிஷ் போட்டு உட்கார்ந்துவிட்டார். முதல் வரிசையில், ஸ்டோர்கீப்பருக்குப் பக்கத்து நாற்காலி. அறிமுகமான சற்று நேரத்திலேயே இருவரும் தேய்மானம் கணக்கிடும் முறையைப் பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்ததை மேடையிலிருந்து அவள் பார்த்தாள்.

மேடையின் நடுவில் மாப்பிள்ளை. அருகே தட்டில் கத்தியும் குழாயும், முகக்கவசமும் விளக்கும். இயக்குநர் முன்னிலையில் செய்து காட்டுவதற்குக் கைராசி சிஸ்டர் தயாராக நின்றாள். அதற்கு முன்பு டாக்டருக்குக் கேடயம் வழங்கப்பட்டது. கேடயத்தின் ஒரு பக்கத்தை இயக்குநரும் மறுபக்கத்தைக் கண்காணிப்பாளரும் பிடித்துக்கொள்ள, நடுவில் அவள். புகைப்படக்காரர் “சிரிங்க மேடம்” என்றார்.

அப்போதுதான் அப்பாவின் கை தூக்கப்பட்டிருப்பதைக் கண்டாள். பள்ளிக்கூடத்தில் அனுமதி கேட்பவர் போல ஒழுங்காகத் தூக்கியிருந்தார். மறு கை தொண்டையில் இருந்தது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. கதவிடுக்குச் சத்தம்கூட வரவில்லை.

“விடுங்க சார்” என்றாள்.

“இன்னும் ஒண்ணு எடுக்கலை மேடம்” என்றார் புகைப்படக்காரர்.

கைராசி சிஸ்டர் அதற்குள் மேடையிலிருந்து தட்டோடு இறங்கிவிட்டாள். அவளிடம் குறை சொல்ல எதுவுமில்லை. பெரியவரைத் தரையில் கிடத்தினாள். முகக்கவசம் வைத்து ஊதிப் பார்த்தாள், காற்று போகவில்லை. வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தாள், கட்டிதான் தெரிந்தது. தலையைச் சாய்த்து, குரல்வளை மேட்டைத் தடவி, கீழே இறங்கி, பள்ளத்தைச் சரியாகக் கண்டுபிடித்தாள். கத்தியை எடுத்தாள். கழுத்துக்கு ஒரு விரல் உயரத்தில் நிறுத்தினாள்.

“வெட்டுகிறேன்.”

“வெட்டப்பட்டது!” என்றது அரங்கம். மருத்துவர்கள், செவிலியர்கள், ஆய்வகம், பல் பிரிவு, கணக்குப் பிரிவு எல்லாம் ஒரே குரலில். கூரை அதிர்ந்தது.

சிஸ்டர் கத்தியை வைத்துவிட்டுக் குழாயை எடுத்தாள். முழுத் தோலின் மேல் அதன் நுனியை அழுத்தினாள்.

“நுழைக்கிறேன்.”

“நுழைக்கப்பட்டது!”

“பிரமாதம்” என்று இயக்குநர் கண்காணிப்பாளரின் காதில் சொன்னார். “நிஜ ஆளை வெச்சே பண்றீங்களே. உதடு நீலமாறதுகூட அப்படியே இருக்கு.”

அரங்கம் கைதட்டியது.

டாக்டர் கேடயத்தை விட்டுவிட்டுக் குதித்தாள். கேடயம் யார் காலிலோ விழுந்தது. அப்பாவின் பக்கத்தில் மண்டியிட்டு, சிஸ்டரை முழங்கையால் ஒதுக்கி, இடது கை விரல்களால் குரல்வளையைப் பிடித்துக்கொண்டாள். பள்ளம் விரலுக்குக் கீழே இருந்தது. கத்தியை எடுத்தாள்.

கத்தி கழுத்துக்கு ஒரு விரல் உயரத்தில் நின்றது.

எத்தனை வகுப்புகள். ஒவ்வொரு வகுப்பிலும் முதலில் அவள்தான் செய்து காட்டினாள்.

“வெட்டுகிறேன்” என்று தன் வாய் சொல்வதை அவள் கேட்டாள். பிறகு, இதைத்தான் அவளால் பின்னால் எந்த விசாரணையிலும் சொல்ல முடியவில்லை, பதிலுக்குக் காத்திருந்தாள்.

பக்கத்தில் குனிந்து நின்ற ஸ்டோர்கீப்பர், முகமெல்லாம் வேர்த்து, கண்ணில் நீர் முட்ட, வேறு என்ன சொல்வதென்று தெரியாமல், “வெட்டப்பட்டது” என்றார்.

அப்பாவின் கண் மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தது. தலை இடமும் வலமும் ஆடியது. வாழ்நாளெல்லாம் இல்லாததை இருப்பதாகக் காட்டியவர்களைப் பார்த்து ஆடிய அதே தலை. ஏற்பதற்கில்லை.

அவள் வெட்டினாள்.

ரத்தம் வந்தது. விரலை விட்டு வழி பிடித்து, குழாயைச் செருகினாள். காற்று சீறிக்கொண்டு உள்ளே போனது. அப்பாவின் மார்பு எழும்பியது. இயக்குநர் எழுந்து நின்று கைதட்டினார். “ரத்தம்கூட ஏற்பாடு பண்ணியிருக்கீங்களே!” என்றார்.

விசாரணைக் குழு கூடியது. ஒரு நோயாளி பிழைத்திருந்ததால், எதை விசாரிப்பது என்பதில் தொடக்கத்தில் சிரமம் இருந்தது. பிறகு தெளிவு பிறந்தது. ஊழியர் அனைவரும் பயிற்சி பெற்றிருந்த அரங்கில் நோயாளிக்கு மூச்சடைத்தது. நோயாளி உயிரோடு இருக்கிறார். எனவே பயிற்சி முறை மெய்ப்பிக்கப்பட்டது. இதே முறையை எல்லா மருத்துவமனைகளுக்கும் விரிவாக்கலாம். தீயணைப்புப் பயிற்சிக்கும் பொருத்தமாக இருக்கும் என்று ஒரு உறுப்பினர் சொன்னார். தீ வைக்க வேண்டியதில்லை, தண்ணீரும் மிச்சம்.

குழுவுக்கு உறுத்திய விஷயம் ஒன்றே ஒன்று. உண்மையில் வெட்டியவர் அந்தப் பயிற்சியில் தேறியவர் அல்ல. பயிற்சி நடத்தியவர் என்பதால் அவர் தேர்வே எழுதவில்லை. வரும் அணியில் சேர்ந்து அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ளும்படி டாக்டர் கேட்டுக்கொள்ளப்பட்டாள்.

“சார், இப்பவாவது தோலை வெட்ட விடுங்க” என்றாள் அவள், கண்காணிப்பாளரின் அறையில். “சிஸ்டர் எல்லாமே சரியாப் பண்ணினாங்க. கை மட்டும்தான் நின்னுடுச்சு.”

“முறை நிரூபணமாயிடுச்சு டாக்டர். இப்ப போய் மாத்தினா, முன்னாடி செஞ்சது தப்புன்னு ஆயிடும்.” அவர் எழுந்து வந்து கதவைச் சாத்தினார். குரலைத் தணித்தார். “அது கிடக்கட்டும். நீங்க லீவு போடறதா இருந்தா மட்டும் எனக்கு ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லிடுங்க.”

“எதுக்கு சார்?”

“சும்மாத்தான். எங்க வீட்டுக்காரிக்கு அப்பப்போ தொண்டை வீங்கும்.”

வெளியே வந்தால் லிஃப்ட்காரர், “நாளைக்கு டூட்டியாம்மா?” என்று கேட்டார். பல் டாக்டர் வழிமறித்து அவளுடைய ஓய்வு நாள் எது என்று விசாரித்தார். இயக்குநரின் உதவியாளர் தொலைபேசியில் அழைத்து, எல்லா மருத்துவமனைகளுக்கும் ஆணை அனுப்பியாயிற்று என்று சொல்லிவிட்டு, அவளுடைய வீடு எந்தத் தெருவில், கார் உள்ளே வருமா என்று கேட்டார். கைராசி சிஸ்டர் ஒன்றும் கேட்கவில்லை. தன் டூட்டி நேரத்தை எல்லாம் டாக்டருடைய நேரத்துக்கு மாற்றி வாங்கியிருந்தாள்.

வார்டில் அப்பா சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கழுத்தில் இப்போது முறையான குழாய். பேச முடியாததால் ஒரு விளையாட்டுச் சிலேட்டு வாங்கிக் கொடுத்திருந்தார்கள். எழுதித் தாளைத் தூக்கினால் அழிந்துவிடும். ஸ்டோர்கீப்பர் ஆப்பிள்களோடு பார்க்க வந்து, கட்டிலோரம் ஸ்டூலில் அமர்ந்திருந்தார்.

அப்பா மகளைப் பார்த்ததும் சிலேட்டில் எழுதிக் காட்டினார்.

‘நீயும் நின்னியே.’

அவள் அதைப் படித்தாள். குழாயைச் சுற்றியிருந்த துணியின் முடிச்சைச் சரிசெய்தாள். வலிக்குதா என்று கேட்டாள். அப்பா இல்லை என்று தலையாட்டிவிட்டுத் தாளைத் தூக்கினார். எழுத்து அழிந்தது.

“சார் பெரிய மனசு பண்ணி என்னை மன்னிச்சுட்டாரும்மா” என்றார் ஸ்டோர்கீப்பர். “அன்னிக்குத் தலையை ஆட்டினாரே, எனக்கு அப்படியே உயிர் போய் உயிர் வந்துது. ஆனா வகுப்புல தோலை வெட்டறதுக்கு வழியில்லைன்னு சாரும் ஒத்துக்கறாரு. இப்பதான் எழுதிக் காட்டினாரு.”

அப்பா ஆமோதித்தார்.

“நீங்க வர்ற அணியில இருக்கீங்களாமே? பயப்படாதீங்க. நான்தானே தேர்வாளர், தேறிடுவீங்க.” ஸ்டோர்கீப்பர் பையிலிருந்து ஓர் ஆப்பிளையும் பேனாக்கத்தியையும் எடுத்தார். “சாருக்கு இப்ப ஆகாதாம். வீணாப் போகக் கூடாதுல்ல.”

டாக்டர் ட்ரிப் ஓடுகிறதா என்று பார்த்தாள். அப்பா தேய்மானத்தைப் பற்றிச் சிலேட்டில் ஏதோ எழுதத் தொடங்கினார். ஸ்டோர்கீப்பர் ஆப்பிளைத் தோல் சீவி நாலாக வெட்டினார். ஒரு துண்டை வாய்வரை கொண்டுபோனவர் கீழே இறக்கி இரண்டாக்கினார். அதையும் இரண்டாக்கினார். பிறகு மடியில் தட்டை வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் பருப்பளவுக்கு நறுக்கி, ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டு, நிதானமாக மென்று விழுங்கினார்.